மூன்று பெட்டிக்கு ஒரு டிவி

பதினெட்டாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய். மனைவி களுபோவில ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது கிளைவ் அண்ணனிடம் வாங்கியது. கொட்டாஞ்சேனையில் பழைய வீடியோ கேம் பெட்டிகளை வாடகைக்கு விடுகிறவர் அவர்.

“இண்டைக்கு இந்த வாடகை சரிவந்தா உன்ட கடன் முடிஞ்சது. சரிவராட்டி உன்ட கைவண்டி என்ட,” என்று சொல்லித்தான் என்னைக் கூட்டிப்போனார். அந்த வண்டியில்தான் எங்கள் வீட்டுச் சோறு.

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி. கனத்த பழைய டிவியை முதுகில் ஏற்றினேன். அதன் பின்னால் வயர் குத்த ஒரே இடம்; கேம் பெட்டிகளோ மூன்று. அதற்காகவே சுவிட்ச் பெட்டி ஒன்று புதிதாக வாங்கியிருந்தார். எல்லா வயரையும் அதில் குத்திவிட்டு பட்டனை அமத்தினால் கேம் மாறுமாம்.

மாறவில்லை. முதல் பட்டனுக்கு ஒரு கேம் வந்தது. மற்ற இரண்டுக்கும் திரை கறுப்பு.

“மூண்டு எண்டுதானே காசு வாங்கினனீங்கள்?” அந்த வீட்டுக்காரி சாம்பவி மணிக்கூட்டைப் பார்த்தாள். “லண்டனில இருந்து வாற அண்ணாவுக்குத்தான் இவ்வளவும். எயார்போர்ட்டில இருந்து வெளிக்கிட்டிட்டார்.”

“ரெண்டும் செத்துட்டு போல.” கிளைவ் அண்ணன் கேம் பெட்டிகளைத் தட்டினார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழும்பினேன், குந்தினேன். இடுப்பில் இருந்த வண்டிப் பூட்டுச் சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவன் நான். சோப்பு உறை, மீட்டர் பெட்டி, பஸ் டிக்கெட், எதையும் வாசிக்காமல் விடமாட்டேன். சுவிட்ச் பெட்டியின் பின்பக்கத்தையும் வாசித்தேன். மூன்று வரிசைக்கு ‘இன்’. கடைசி வரிசைக்கு ‘அவுட்’. மூட்டை இறக்கப் போகிற யார்டின் கேட்டுகளிலும் அதே எழுத்துகள்தான்.

“அண்ணே, லொறி எல்லாம் இன்னுல வந்து அவுட்டுல போகணும். நீங்க டிவிய இன்னுல குத்தியிருக்கீங்க. ஒரு கேம் அவுட்டுல நிக்குது.”

“கைநாட்டு எனக்கு இங்கிலீஷ் படிப்பிக்குது! டிவிதானே பெரிசு, அதுதான் முதல்ல குத்தினேன்.”

“ஆராவது ஒராள் மாத்திப் பாருங்கோவன்!” என்றாள் சாம்பவி.

நானே இரண்டையும் இடம் மாற்றிக் குத்தினேன். ஒன்றாம் பட்டன், வந்தது. இரண்டு, வந்தது. மூன்றை அமத்தும்போது கீழே லண்டன் அண்ணா வந்த வான் ஹோர்ன் அடித்தது. அதுவும் வந்தது.

கிளைவ் அண்ணனும் நானும் படியிறங்கினோம். த்ரீவீலில் ஏறியதும் கடன் எழுதும் கொப்பியை எடுத்து என் பெயரின் மேல் கோடு இழுத்தார்.

“டிவி குத்தின கதைய கொட்டாஞ்சேனையில ஒருத்தனுக்கும் சொல்லாத, விளங்கிச்சா?”

“சொல்லமாட்டேன். கொப்பிய குடுங்கண்ணே, பாப்போம்.”

கோடு என் பெயரோடு நின்றிருந்தது. பேனாவை வாங்கி, தொகையின் மேலும் நானே இழுத்துவிட்டுத்தான் கொப்பியைக் கொடுத்தேன்.