முதலில் இடது விளக்கு

கீழ்பென்னாத்தூரிலிருந்து வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பணியாளர்களை ஏற்றிச் செல்லும் வேனுக்கு நிரந்தர ஓட்டுநர் தேவைப்பட்டார். வண்டியின் உரிமையாளர் ராமதாஸ், ரூக்ஸாருக்கு ஒரே ஒரு நாளை அளித்திருந்தார். வாடகை வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜ் பெற்று மூன்றாண்டுகள் ஆகியும் அவள் ஆக்டிங் டிரைவர்தான். எந்த ஓட்டுநருக்காவது காய்ச்சல் கண்டால் அழைப்பார்கள்; காய்ச்சல் இறங்கியதும் மறந்துவிடுவார்கள். இந்த வியாழக்கிழமைக் காலைப் பயணம் ஒழுங்காக முடிந்தால் வண்டி அவள் கைக்கு வரும். முடியாவிட்டால் அடுத்தவர் காய்ச்சலுக்காக மறுபடி காத்திருக்க வேண்டியதுதான்.

ராமதாஸ் அவளுக்கு இடப்பக்கம் முன்னிருக்கையில் அமர்ந்திருந்தார். பின்னால் பதினொரு பெண்கள். முதல் நாற்சந்தி நெருங்கியபோதே அவர் தொடங்கிவிட்டார்.

"நாலு இண்டிகேட்டரையும் போடு."

"எதுக்குண்ணா?"

"நேராப் போறோம்ல. லெஃப்ட்டுக்கு லெஃப்ட், ரைட்டுக்கு ரைட், நேராப் போனா நாலும். இதுகூடத் தெரியாமலா பேட்ஜ் குடுத்தாங்க?"

"நேராப் போனா எதுவுமே போட வேணாங்கண்ணா. நாலும் நின்னுட்ட வண்டிக்குத்தான்."

"ரெண்டு பேரும் சண்டை போட்டு முடிங்க, அவசரமில்ல," என்றாள் நில அளவைப் பிரிவில் எழுத்தராக இருக்கும் ரேவதி. "பத்து மணிக்கு மேல போனா எங்க ஆபீசர் மூஞ்சில நாலும் எரியும்."

பெண்கள் சிரித்தார்கள். ராமதாஸ் சிரிக்கவில்லை. ரூக்ஸார் எந்த விளக்கும் போடாமல் சந்தியைக் கடந்தாள்.

நான்கு விளக்குகளையும் சேர்த்து மின்னவைக்கும், சிவப்பு முக்கோணம் வரைந்த அந்த விசைக்கு, வண்டியைச் செய்தவர்கள் நினைத்தே பார்த்திராத பொருளொன்றை இந்தப் பக்கத்துச் சாலைகள் கொடுத்திருந்தன. போடுபவரும் நேர் என்று போட்டார்; பார்ப்பவரும் நேர் என்றே படித்தார். இருவரும் ஒரே தவற்றைச் செய்ததால் பெரும்பாலும் அது தவறாகவே தெரியாமல் போனது.

வேங்கிக்காலுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பாகக் காவல்துறையின் சோதனை நடந்துகொண்டிருந்தது. தடுப்புக்குப் பின்னாலிருந்து திடீரென வெளிப்பட்ட காவலர் ஒருவர், வேனை இடப்பக்கம் ஒதுங்கும்படி கை காட்டினார். ரூக்ஸார் வேகத்தைக் குறைத்தாள். அவள் விரல் இடது விளக்கைத் தொடுவதற்குள் ராமதாஸின் கை குறுக்கே நீண்டு சிவப்பு விசையை அமுக்கியது.

"போலீஸ் நிறுத்துறாங்க. நாலையும் போட்டு ஓரங்கட்டு, சீக்கிரம்."

நான்கு விளக்குகளும் மின்னத் தொடங்கின. அதே கணம் இடப்பக்கக் கண்ணாடியில் ஒரு மோட்டார் சைக்கிள் தெரிந்தது. இருபுறமும் பால் கேன் கட்டியிருந்த அது, வேனுக்கும் சாலையோர வெள்ளைக் கோட்டுக்கும் இடையே இருந்த சந்தில் வேகமெடுத்து நுழைந்துகொண்டிருந்தது. வேன் நேராகப் போகிறது என்று அந்த ஆள் படித்துவிட்டார் என்பது ரூக்ஸாருக்கு உடனே புரிந்தது. இப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் அவர் வேனின் அடியில் இருப்பார்.

அவள் ராமதாஸின் கையை விலக்கினாள். நான்கையும் அணைத்தாள். இடது விளக்கை மட்டும் போட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பாமல் பிடித்திருந்தாள். கை காட்டிய காவலர் ஜன்னலுக்கு வெளியே பின்னோக்கி நகர்ந்து மறைந்தார்.

"போலீஸையே தாண்டிட்டாங்கடி," என்றது பின்னிருக்கைக் குரலொன்று.

கண்ணாடியில் மோட்டார் சைக்கிள் தடுமாறி, வேகம் குறைந்து, பின்தங்கியது. அதன் பிறகே ரூக்ஸார் வேனை மண் ஓரத்தில் இறக்கி, வெள்ளைக் கோட்டுக்கு முழுவதும் வெளியே நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்தாள். நின்றது உறுதியான பின்பு சிவப்பு விசையை அவளே அமுக்கினாள்.

காவலர் நூறு அடி தூரம் ஓடிவந்த கோபத்தோடு கேட்டார். "கை காட்டுனா நிக்க மாட்டியா? தப்பிச்சுப் போகலாம்னு பாத்தியா?"

ராமதாஸ் முந்திக்கொண்டு இறங்கினார். "நான் சொல்லிட்டேதான் சார் வந்தேன். ஆக்டிங் டிரைவரு சார், இன்னியோட சரி."

'இன்னியோட சரி' என்பது ரூக்ஸாரின் காதில் நன்றாகவே விழுந்தது. அவள் எஞ்சினை நிறுத்தி, ஆவணங்களை எடுத்துக்கொண்டு இறங்கினாள். உதவி ஆய்வாளர் கீதாஞ்சலி அதற்குள் வந்துவிட்டிருந்தார்.

"ஏன்மா தாண்டிப் போய் நிறுத்துன?"

"லெஃப்ட்ல பைக் இருந்துச்சு மேடம். வண்டியில நாலும் எரிஞ்சிது. அதப் பாத்தா நான் ஓரங்கட்டப் போறேன்னு அவருக்கு எப்படித் தெரியும்? நாலையும் அணைச்சிட்டு லெஃப்ட் மட்டும் போட்டேன். அவரு ஸ்லோ பண்ணதுக்கு அப்புறம்தான் திருப்பினேன்."

"நல்லா கதை சொல்றா மேடம்," என்றார் காவலர்.

கீதாஞ்சலி திரும்பிப் பார்த்தார். பால்காரரையும் தடுப்பருகே நிறுத்தியிருந்தார்கள். "இங்க வாய்யா. பேரென்ன?"

"குமரேசன் மேடம்."

"என்ன நடந்துச்சு?"

"நாலும் மின்னுச்சு மேடம். சரி, நேராத்தான் போறாங்கனு ஓரமாப் பூந்தேன். பாத்தா டக்குனு லெஃப்ட் மட்டும் எரியுது. பிரேக்கைப் புடிச்சேன். அது மட்டும் எரியலனா பாலு மட்டுமா சிந்தியிருக்கும்?"

"நாலு எரிஞ்சா நேருனு உனக்கு யாரு சொன்னது?"

"எல்லாரும் அப்படித்தானே மேடம் போடறாங்க."

கீதாஞ்சலி காவலரைப் பார்த்தார். காவலர் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

உதவி ஆய்வாளர் வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நான்கு சக்கரங்களும் கோட்டைத் தாண்டி மண் ஓரத்தில் இருந்தன.

"இப்ப எரியறது யார் போட்டது?"

"நான்தான் மேடம். வண்டி நின்ன பிறகு."

"ஓடும்போது போட்டது?"

ரூக்ஸார் வாயைத் திறக்குமுன் வேனின் ஜன்னல்களிலிருந்து பதினொரு முகங்கள் ஒரே ஆளை நோக்கித் திரும்பின.

"பேரு சொல்லணுமா மேடம், கை நீட்டிக் காட்டுனா போதுமா?" என்றாள் ரேவதி.

"முப்பது வருஷப் பழக்கம் மேடம்," என்றார் ராமதாஸ்.

"முப்பது வருஷமாத் தப்பாப் போட்டிருக்கீங்க." கீதாஞ்சலி ஆவணங்களை அவரிடம் தராமல் ரூக்ஸாரிடம் கொடுத்தார். "நீ தாண்டி நிறுத்துனதுதான்மா சரி." பிறகு காவலரிடம், "அடுத்த வண்டிக்கு இன்னும் கொஞ்சம் முன்னாடியே கை காட்டுங்க," என்றார்.

ராமதாஸ் முன்கதவைத் திறந்தார்.

"அண்ணா, நீங்க பின்னாடி உக்காருங்க," என்றாள் ரூக்ஸார்.

"என் வண்டியில என்னையேவா?"

"வண்டி உங்களுது. ஓட்டறது நான். ஓடற வண்டியில அந்த ஸ்விட்ச் மேல இன்னொரு கை வரக் கூடாது. வரும்னா சொல்லிடுங்க, நான் இங்கயே இறங்கிக்கறேன்."

மூன்றாண்டுகளில் எந்த உரிமையாளரிடமும் அவள் நிபந்தனை வைத்ததில்லை. ராமதாஸ் நின்றுகொண்டே இருந்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் ரேவதி இறங்கி வந்து முன்னிருக்கையில் ஏறிக்கொண்டாள்.

"வாங்கண்ணா, கடைசி சீட்டு காலிதான். ஜன்னலோரம் வேற," என்று உள்ளேயிருந்து ஒருத்தி அழைத்தாள்.

அவர் போய் உட்கார்ந்தார்.

ரூக்ஸார் நான்கு விளக்குகளையும் அணைத்து, வலது விளக்கைப் போட்டாள். ஒரு டவுன் பஸ்ஸும் இரண்டு லாரிகளும் கடக்கும்வரை பொறுத்தாள். பின்னால் நின்ற குமரேசன் வண்டியை நகர்த்தாமல், 'நீங்க போங்க' என்று கையசைத்தார். வேன் தார்ச்சாலைக்கு ஏறியது. உள்ளே யாரோ கைதட்ட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பத்து மணிக்குப் பன்னிரண்டு நிமிடங்கள் இருக்கையில் ஆட்சியர் அலுவலக வாசலில் வேன் நின்றது. எல்லோரும் இறங்கிய பின் ராமதாஸ் ஓட்டுநர் பக்கமாக வந்து நின்றார்.

"வண்டிய நீயே வெச்சுக்க. நாளைக்கு எட்டரைக்கு கீழ்பென்னாத்தூர்ல நிக்கணும்."

"எட்டே காலுக்கே நிப்பேன்."

"நானும் வரணும். வேங்கிக்கால்ல வேலை இருக்கு."

"வாங்கண்ணா," என்றாள் ரூக்ஸார். "ஜன்னலோரம் புடிச்சு வெக்கறேன்."