மூணு தடவை கூப்பிடணும்

அந்த ஊரில் குவாரி முதலாளிக்கென்று ஒரு பேர் இருப்பதே பாதிப் பேருக்கு மறந்து போயிருந்தது. முதலாளி என்றால் அவர்தான். மற்ற முதலாளிகளைச் சொல்லும்போது கூடவே எந்தக் கடை, எந்தத் தெரு என்று சொல்ல வேண்டும். இவருக்கு அந்த வேலையே இல்லை. வீட்டில் பெண்டாட்டிக்கு "என்னங்க", தங்கச்சிக்கு "அண்ணா". கடைசியாக அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அவருடைய அம்மா. அந்த மகராசியும் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆகிவிட்டது.

கோர்ட்டிலும் அதே மரியாதைதான். ஆனால் கோர்ட்டில் ஒரு முறை உண்டு. கேஸை எடுத்ததும் கோர்ட்டுச் சேவகரான டவாலி வராந்தாவுக்குப் போய், ஆளின் பேரை அப்பா பேரோடு சேர்த்து மூன்று தடவை உரக்கக் கூப்பிட வேண்டும். முன்னால் 'திரு' கிடையாது, பின்னால் 'அவர்கள்' கிடையாது. மூன்றாவது கூப்பாட்டுக்குள் ஆள் வந்து நிற்கவில்லை என்றால் வாரண்ட். டீ குடிக்கப் போனேன், குழாயடிக்குப் போனேன் என்ற கதையெல்லாம் அப்புறம் லாக்கப்பில் உட்கார்ந்து சொல்லிக்கொள்ளலாம். அந்த டவாலிக்குக் கட்டைக் குரல். காய்கறி வண்டிக்காரனையும் சைக்கிள் திருடனையும் அவர் கூப்பிட்டால் தெருக்கோடியில் படுத்திருக்கும் நாய் எழுந்து உட்காரும்.

முதலாளி கேஸ் வந்தால் மட்டும் அந்தக் குரல் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும். கதவோரமாக நின்று, தன் சட்டைப் பொத்தானிடம் ரகசியம் சொல்வது மாதிரி முணுமுணுத்துவிட்டு, "வரலீங்க" என்று உள்ளே வந்துவிடுவார். உடனே முதலாளியின் வக்கீல் எழுந்து, கட்சிக்காரருக்கு நெஞ்சு வலி என்பார். வாய்தா. அடுத்த தடவை முதுகு வலி. வாய்தா. அதற்கடுத்த தடவை தலைசுற்றல். அந்த மனுஷன் உடம்பில் வலிக்காத இடம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. வாரண்ட் என்ற வார்த்தையை மட்டும் யாரும் வாயில் எடுத்ததில்லை.

இதையெல்லாம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள் ஹாரன் அக்கா.

மெயின் ரோட்டில் அவளும் அவள் புருஷனும் பஞ்சர் கடை வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் காற்றடிக்கிற மிஷின் உயிர் போகிற மாதிரி கத்தும், இன்னொரு பக்கம் லாரிகள். இந்த இரண்டு சத்தத்துக்கும் மேலே ஏறிப் போனால்தான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டயரைக் கழற்றிக்கொண்டிருக்கும் புருஷன் காதில் விழும். அப்படிப் பழகிய தொண்டை அது. "அக்கா ஒரு சத்தம் போட்டா என் வண்டி தானா பிரேக் பிடிக்குது" என்று லாரி டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். ஹாரன் அக்கா என்ற பேரை வைத்ததும் அவர்கள்தான். அவளுக்கு அதில் உள்ளுக்குள் பெருமைதான்.

அவள் போட்ட சத்தத்தில் ஒன்றே ஒன்றுதான் யாரையும் நிறுத்தவில்லை. ஒருநாள் காலை, ஒட்டுப் போட்ட டயரை உருட்டிக்கொண்டு ரோட்டோரமாக அவள் புருஷன் போய்க்கொண்டிருந்தார். எதிரே காரைத் தானே ஓட்டிக்கொண்டு, காதில் போனை வைத்தபடி வந்தார் குவாரி முதலாளி. கார் ரோட்டை விட்டு இறங்கியது. ஹாரன் அக்கா அடிவயிற்றிலிருந்து கத்தினாள். கார் இடித்தது, கொஞ்சம் நிதானித்தது, கண்ணாடி வழியாக ஒரு முகம் திரும்பிப் பார்த்தது, அப்புறம் போயே போய்விட்டது.

கால் முட்டிக்குக் கீழே இப்போது இரும்புக் கம்பி. ஒரு பஞ்சர்காரருக்குக் குத்துக்கால் போட்டு உட்கார முடியவில்லை என்றால் அவர் என்ன செய்வார், பாவம். கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடுகிற வேலையை மட்டும் பார்த்தார். மற்றதெல்லாம் அவள் தலையில்.

அடுத்த வாய்தா நாளன்று காலை கோர்ட்டுப் படியேறும்போது அவர் ஊன்றுகட்டையைக் கக்கத்தில் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"இந்தா, ஒண்ணு சொல்றேன். கோச்சுக்காதே. இன்னைக்கும் வாய்தான்னா நான் அந்தக் கையெழுத்தைப் போட்டுடறேன்."

எந்தக் கையெழுத்து என்று அவள் கேட்கவில்லை. முதலாளியின் வக்கீல் அந்தக் காகிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். 'நானே தடுமாறிக் காருக்கு முன்னால் விழுந்துவிட்டேன்' என்று ஒரு வரி. கீழே பஞ்சர்காரர் கையெழுத்துப் போட்டால் போதும். அதோடு கேஸ் தீர்ந்தது.

"விழுந்தீங்களா நீங்க?" என்றாள்.

"விழலைதான்."

"அப்புறம்?"

"எத்தனை நாள்டி கடையைப் பூட்டிப் போட்டுட்டு இங்க வந்து தேவுடு காக்கிறது? என் வாயைத் திறந்து நடந்ததைச் சொல்லச் சொல்லி இதுவரைக்கும் ஒரு ஆள் கேக்கலை. விழுந்தேன்னு எழுதிக் கொடுத்தா தூங்கவாச்சும் தூங்கலாம்."

அவர் கோபமாகப் பேசியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். களைத்துப் போனவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

கேட்டருகே கறுப்புக் கண்ணாடி போட்ட பெரிய கார் ஒன்று நின்றது. கூட்டத்தின் சைக்கிள்களையும் மொபெட்டுகளையும் "எடு, எடு" என்று விரட்டிய போலீஸ்காரர் அதன் பக்கம் மட்டும் திரும்பவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பின் டயரில் காற்று குறைச்சல் என்று தொழில் புத்தியில் அவள் கண் அதற்குள் பார்த்துவிட்டது. எவன் காரோ, நமக்கென்ன என்று உள்ளே போனாள்.

ஜட்ஜ் நாற்காலியில் புது ஆள். சின்ன உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி, முகத்தில் சிரிப்பும் இல்லை, முறைப்பும் இல்லை. அந்த அம்மா வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வந்த வேகத்தில் கேஸ் மேல் கேஸாக எடுத்துத் தள்ளினார். டவாலியின் குரல் வராந்தாவில் முழங்கிக்கொண்டே இருந்தது. பிறகு முதலாளி கேஸ் வந்தது.

டவாலி கதவோரம் போனார். பொத்தானிடம் பேசினார். திரும்பி வந்தார்.

"வரலீங்கம்மா."

வக்கீல் எழுந்தார். "என் கட்சிக்காரர் ஆஸ்பத்திரியில இருக்காருங்கம்மா. படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியாத நிலைமை. டாக்டர் சர்டிபிகேட்டோட மனு போட்டிருக்கேன்."

பஞ்சர்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான், போச்சு என்று அவள் நினைத்தாள்.

ஜட்ஜ் அம்மா மனுவைத் தொடவில்லை. டவாலியைப் பார்த்தார்.

"என்ன கூப்பிட்டீங்க? இங்க உட்கார்ந்திருக்கிற எனக்கே கேக்கலையே."

"கூப்பிட்டேங்கம்மா."

"இவ்வளவு நேரம் கூப்பிட்ட மாதிரி கூப்பிடுங்க. வராந்தாவுக்குப் போய்."

டவாலியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மச்சானுக்குக் குவாரியில் வேலை, மகளுக்கும் அங்கேதான் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். இருமினார், கனைத்தார், கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"தொண்டை கட்டிருச்சுங்கம்மா."

"இப்பவா?"

"இப்பத்தாங்கம்மா."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜட்ஜ் அம்மா சிரிக்கவில்லை. "சரி, வேற யாராவது கூப்பிடுங்க" என்றார். கிளார்க் மின்விசிறியைப் பார்த்தார். வாசலில் நின்ற போலீஸ்காரருக்கு ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது.

"ஆஸ்பத்திரியில இருக்கிறவரைக் கூப்பிட்டு என்னங்கம்மா பிரயோஜனம்?" என்றார் வக்கீல்.

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? காலையில சைக்கிள் கேஸ்ல ஒருத்தர் வரலை. மூணு தடவை கூப்பிட்டு வாரண்ட் போட்டேன். அதே மூணு தடவை இவருக்கும். அப்புறம் உங்க மனுவைப் பாக்கறேன்."

கடைசி பெஞ்சில் ஹாரன் அக்கா எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் எழுந்ததே அவளுக்குத் தெரிந்தது.

"நான் கூப்பிடட்டுங்களா அம்மா?"

ஜட்ஜ் அம்மா கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "நீங்க யாரு?"

"அடிபட்டது இவரு. நான் இவரு சம்சாரம். சாட்சியும்கூட."

வக்கீல் வாயைத் திறப்பதற்குள் ஜட்ஜ் அம்மா சொன்னார், "கூப்பிடறதுக்கு வாய் இருந்தா போதும். சத்தமாக் கூப்பிடுவீங்களா?"

"அதைப் பத்தி மட்டும் சந்தேகமே வேண்டாங்கம்மா" என்றார் பஞ்சர்காரர். அந்தக் கோர்ட்டில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கிளார்க் பேரை மெதுவாகப் படித்துக் காட்டினார். அவள் வராந்தாவுக்குப் போய், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்தாள். முதல் கூப்பாட்டில் மரத்திலிருந்த காக்காய்கள் கிளம்பின. டீக்கடையில் எல்லாத் தலையும் திரும்பியது. அந்தப் பேர், அவர் அப்பா பேரோடு, அம்மணமாக, ஒரு மரியாதையும் ஒட்டாமல் தெரு முழுக்கப் போய் எதிர்ச் சுவரில் முட்டித் திரும்பி வந்தது. இரண்டாவது தடவை கூப்பிடும்போது புருஷன் உருட்டிப் போன டயரும், காருக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்த முகமும் அவள் கண்முன் வந்தன. குரல் இன்னும் ஏறியது. அடுத்ததற்கு அவள் வாயைத் திறப்பதற்குள் கேட்டருகே அந்தக் கறுப்புக் கண்ணாடிக் காரின் கதவு படாரென்று திறந்தது.

"எவடி அவ? யாரைடி பேர் சொல்லிக் கூப்பிடற?"

குவாரி முதலாளியேதான். புது ஜட்ஜ் எப்படியோ, மனு தள்ளுபடியானால் கொண்டுவந்து நிறுத்திக்கொள்ளலாம் என்று வக்கீல்தான் அவரைப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லியிருந்தார். சொன்னது சரிதான். தன் பேர் காதில் விழுந்தால் அந்த மனுஷனுக்குத் தலைகால் புரியாது என்பதை வக்கீல் யோசிக்கவில்லை. யாராவது கூப்பிட்டிருந்தால் அல்லவா தெரிந்திருக்கும்!

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தார். ஹாரன் அக்கா ஒதுங்கி வழிவிட்டாள். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. மூன்றாவது தடவையை அவர் முகத்துக்கு நேராகவே, பதவிசாகச் சொல்லி முடித்தாள்.

"எவ்வளவு திமிர் உனக்கு!" என்று கத்திக்கொண்டே அவள் பின்னால் உள்ளே நுழைந்தவர், நுழைந்த பிறகுதான் எங்கே நுழைந்திருக்கிறோம் என்று பார்த்தார். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜட்ஜ் அம்மா இப்போதுதான் மனுவைக் கையில் எடுத்து நிதானமாக வாசித்தார். "'படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியாத நிலைமை.' உங்க பேர் என்னங்க?"

"என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"நான் ஊருக்குப் புதுசு. பேரைச் சொல்லுங்க."

முதலாளி தன் பேரைத் தானே சொன்னார். ரொம்ப நாளாகப் பழக்கமில்லாததால் அது கொஞ்சம் குளறியது.

"ஆஜர்னு எழுதிக்கோங்க" என்றார் ஜட்ஜ் அம்மா கிளார்க்கிடம். "மனு தள்ளுபடி. சர்டிபிகேட் கொடுத்த டாக்டர் நாளைக்கு இங்க வரணும். இனிமே ஒரு தடவை இவர் வராம இருந்தாலும் ஜாமீன் ரத்து. சாட்சியை இப்பவே விசாரிக்கலாம். நீங்க கூண்டுல நில்லுங்க."

முதலாளி கூண்டில் ஏறினார். டவாலி பழக்கதோஷத்தில் சுவரோரம் கிடந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூண்டுப் பக்கம் ஓடினார்.

"அந்த நாற்காலி யாருக்கு?"

டவாலி பாதியில் நின்றார். கூண்டைப் பார்த்தார். கட்டையை ஊன்றித் தள்ளாடிக்கொண்டே முன்னால் வந்துகொண்டிருந்த பஞ்சர்காரரைப் பார்த்தார். மச்சான், மகள் எல்லாரும் அவர் முகத்தில் ஒரு சுற்று வந்து போனார்கள். அப்புறம் நாற்காலியைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சாட்சி நிற்கிற இடத்தில் போட்டு, தோளில் கிடந்த துண்டால் ஒரு தட்டுத் தட்டி, "உட்காருங்க" என்றார். அவர் தொண்டைக் கட்டு எப்போது விட்டது என்று யாரும் கேட்கவில்லை.

உறுதிமொழி முடிந்ததும் ஜட்ஜ் அம்மா பஞ்சர்காரரிடம் கேட்டார். "அன்னைக்கு எப்படி விழுந்தீங்க?"

அவர் கூண்டைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி கூண்டின் விளிம்பைப் பிடித்தபடி, எல்லாரும் நிற்கிற மாதிரி இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தார்.

"நான் விழலீங்கம்மா" என்றார். "என்னை இடிச்சாங்க. இவருதான்."

டைப் அடிக்கிறவர் விரல்கள் ஓடின. அந்தச் சத்தத்தை ஹாரன் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். தீர்ப்புக்கு இன்னும் நாள் கிடக்கிறது, அது அவளுக்குத் தெரியும். பெரிய வக்கீல்கள் வருவார்கள், மேல்கோர்ட்டு இருக்கிறது. ஆனால் அவர் விழவில்லை என்பதை இனிமேல் யாராலும் அழிக்க முடியாது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் அழுதாள், சந்தோஷத்தில்தான்.

அவர் சொல்லி முடித்ததும் அவள் முறை வந்தது. இரண்டு எட்டுத் தூரத்தில் பெஞ்சில்தான் அவள் இருந்தாள். இருந்தாலும் டவாலி விறுவிறுவென்று வராந்தாவுக்குப் போய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அவள் பேரைத் தெருக்கோடி நாய் எழுந்திருக்கிற மாதிரி மூன்று தடவை கூப்பிட்டார்.

"இருக்கேன்" என்று சொல்ல வாயைத் திறந்தாள் ஹாரன் அக்கா. சத்தமே வரவில்லை. கையைத் தூக்கிக் காட்டிவிட்டு எழுந்து போனாள்.