குப்பமேடு, குப்பைமேடு

விடிவதற்கு முன்னால் மீன் அங்காடித் தெருவைக் கூட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ஓர் ஊர் எவ்வளவு தின்கிறது, எவ்வளவு துப்புகிறது என்று. செதில் ஈரக் கல்லில் ஒட்டிக்கொண்டு விளக்குமாற்றுக்கு வராது. குந்தி உட்கார்ந்து தகரத் துண்டால் சுரண்ட வேண்டும். இறால் ஓடு நகக்கண்ணில் ஏறும். அழுகின தக்காளி, கோழி இறகு, சாராயக்கடை சீசா ஓடு எல்லாவற்றையும் கூடையில் வாரித் தலையில் ஏற்றினால், அடியிலிருந்து தண்ணீர் ஒழுகிக் கழுத்து வழியாக முதுகுக்கு இறங்கும். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் மூக்கைப் பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும். நாங்களும் பிடித்துக்கொண்டு நின்றால் யார் வாருவது?

என் பெயர் ஞானமேரி. பஞ்சாலையில் ஆளைக் குறைத்தபோது வெளியே வந்து விளக்குமாறு பிடித்தவள். வாய் நீளம் என்று எனக்குப் பெயர். என்னோடு சேர்ந்து கூட்டுகிறவள் தையல்நாயகி. அவள் வாய் என்னுடையதைவிட நீளம். அவள் புருஷன் கொளஞ்சி நாங்கள் வாரியதை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவன். பேச்சே வராத மனுஷன். ரெண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

"மேரியக்கா, எங்க வூட்டுக்காரரு நேத்து ரெண்டு வார்த்த பேசுனாரு. கொழம்புல உப்பு இல்லியாம். அதான் இந்த மாசத்துக்கு. இனிமே அடுத்த மாசந்தான்" என்பாள். கொளஞ்சி மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு சிரிப்பான். கல்யாணம் ஆகிப் பல வருஷமாகியும் அந்தச் சிரிப்பில் மாப்பிள்ளைக் கூச்சம் போகவில்லை.

நாங்கள் குடியிருப்பது வைத்திக்குப்பத்துக்கு மேற்கே ஒரு மணல் மேட்டில். மீன்காரர் குப்பத்துக்குப் பக்கத்து மேடு, அதனால் குப்பமேடு. பாட்டன் காலத்துப் பெயர். அந்தப் பெயரே எங்களுக்கு எமனாக வரும் என்று யார் கண்டது?

எழுபத்தொன்பதாம் வருஷம் அது. ஊர்க் குப்பையெல்லாம் அதுவரைக்கும் தட்டாஞ்சாவடிப் பக்கம் ஒரு பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தோம். அங்கே பட்டறைகள் பெருகின. ஈ மொய்க்கிறது, சரக்கு கெடுகிறது என்று பட்டறைக்காரர்கள் சத்தம் போட்டார்கள். பள்ளத்தைத் தூர்த்துத் தொழிற்சாலை மனையாக மாற்றலாம் என்று நிலவகைக் கமிட்டி முடிவு செய்தது. எது வீடு, எது தொழிற்சாலை, எது தரிசு என்று ஊர் நிலத்தைப் பங்கு போட்டு எழுதுகிற கமிட்டி அது. சரி, இனி குப்பையை எங்கே கொட்டுவது? குடியிருப்புப் பகுதியில் கொட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆள் இல்லாத இடமாகத் தேடினார்கள். எங்கள் மேடு கண்ணில் பட்டது. நாங்கள் கண்ணில் படவில்லை.

ஆட்சேபணை இருந்தால் நேரில் வந்து சொல்லலாம் என்று தமுக்கு அடித்துப் போனார்கள். எனக்கு அன்றைக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. அமைதியான ஆள், மரியாதையாகப் பேசுவான், பார்த்தால் அவர்களுக்கும் இரக்கம் வரும் என்று எல்லாருமாகச் சேர்ந்து கொளஞ்சியை அனுப்பினோம். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனான். கூடப் போன பக்கிரி திரும்பி வந்து நடந்ததைச் சொன்னான். பக்கிரியும் வண்டிக்காரன்தான்.

நடு நாற்காலியில் கமிட்டித் தலைவர் யூஜின். கோட்டு போட்ட பெரியவர். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் அவரை எல்லாரும் முசே என்போம். பக்கத்தில் எங்கள் குப்பை காண்ட்ராக்டர் அரிகிருஷ்ணன். பள்ளம் மனையானால் அதில் நல்ல மனை ஒன்று அவருக்கு என்று ஊரே பேசிக்கொண்டது.

"எங்க குடியிருக்கே?" என்று முசே கேட்டாராம்.

"குப்பமேட்டுலங்க."

"எங்க?"

"குப்பமேடுங்க, முசே."

"என்ன வேல செய்யிறே?"

"குப்ப வண்டி ஓட்டறேங்க."

உடனே காண்ட்ராக்டர் தொடையைத் தட்டிச் சிரித்தாராம். "அவன் வாயாலயே சொல்லிட்டான் பாருங்க முசே. குப்பமேடாம். குப்பமேட்டுல குப்ப கொட்டாம கோயிலா கட்டுவாங்க?"

நாற்காலி எல்லாம் சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கொளஞ்சிக்கு விளங்கவில்லை. பெரியவர்கள் சிரிக்கும்போது சும்மா நின்றால் மரியாதை இல்லை என்று அவனும் சிரித்தானாம்.

எங்கள் பேச்சில் மேட்டோடு சேர்த்துச் சொன்னால் குப்பமும் குப்பதான், குப்பையும் குப்பதான். எழுதும்போதுதான் வேறு. குப்பமேடு என்று காதில் வாங்கிய கமிட்டிக் குமாஸ்தா ஓர் ஐகாரத்தைச் சேர்த்துக் குப்பைமேடு என்று எழுதினான். அந்த இடம் குப்பைமேடுதான் என்று ஆட்சேபணை சொல்ல வந்தவரே ஒப்புக்கொண்டார், ஆகவே அது குடியிருப்பு இல்லை, கழிவு கொட்டும் இடம் என்று தீர்மானமாயிற்று. சேவகன் ஒருவன் மேட்டுக்கு வந்து அதை வாசித்தான். எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, இங்கே வீடே இல்லை என்று வாசித்தான். மேட்டில் அடுப்புப் புகை ஏறிக்கொண்டிருந்தது.

காய்ச்சலோடு முசே வீட்டுக்கு ஓடினேன். "முசே, அது குப்பம். குப்பை இல்ல. குப்பத்து மேடு."

அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பிடியா? அன்னைக்கே வெளக்கமா சொல்லியிருக்கணும், மேரி. இப்ப தீர்மானம் ஆயிடுச்சே. மாத்தணும்னா கமிட்டி கூடணும். மழ முடிஞ்சப்புறம் கூடும். அப்ப வந்து சொல்லுங்க."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் தீர்மானந்தான்."

கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

மறுநாளே காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார்: மேட்டில் கொட்டாதவன் வண்டியை விட்டு இறங்கலாம். என்ன செய்வது? அவரவருக்கு வயிறு இருக்கிறதே. முதல் வண்டி கொளஞ்சியுடையது. தன் வீட்டெதிரே, மேட்டுக்கே குடிதண்ணீர் தருகிற கிணற்றடிக்குப் பக்கத்தில் தன் கையாலேயே வண்டியைச் சாய்த்தான். தையல்நாயகி வாசலில் நின்று பார்த்தாள். "வேல முடிஞ்சி குளிச்சிட்டு வர்றதுக்குள்ள வேல நம்ம வூட்டுக்கு முந்தி வந்துடுதுக்கா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொட்டியதெல்லாம் ஊறிப் பழுப்புத் தண்ணீராகக் கிணற்றுக்கு இறங்கியது. இறைத்தால் எண்ணெய் மாதிரி படலம். வடிகட்டினோம், காய்ச்சினோம்; ஈர விறகில் எவ்வளவு காய்ச்ச முடியும்? ஒருநாள் குடத்தை எடுத்துக்கொண்டு வைத்திக்குப்பத்துத் தெருக்குழாய்க்குப் போனேன். மீன் கூடை தூக்குகிற கன்னியம்மாள் அங்கே நின்றாள். அவள் மீன் செதிலைத்தான் நான் தினமும் சுரண்டுகிறேன்.

"இந்தாம்மே, குப்ப வண்டிக் கைய கொழாயில வைக்காத. நாங்க குடிக்கற தண்ணி" என்றாள்.

"ஒன் குப்பதாண்டி அது. எங்க ஆத்தா வூட்டுச் சீதனமா?" என்று கேட்டேன். அவள் குழாயை மறைத்து நின்றாள். காலிக் குடத்தோடு திரும்பினேன்.

அந்த வாரமே தையல்நாயகிக்கு வாந்தி பேதி கண்டது. காலையில் என்னோடு கூட்ட வந்தவள், பொழுது சாய்வதற்குள் கண் உள்ளே போய்க் கிடந்தாள். மழையில் ரிக்‌ஷாக்காரன் மேட்டுக்கு ஏறமாட்டேன் என்றுவிட்டான். கொளஞ்சி குப்பை வண்டியைக் கழுவினான். தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். போதும் வாடா என்று நான் கத்த வேண்டியிருந்தது. கோரைப்பாயை விரித்து அவளைக் கிடத்தினோம். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். வண்டி கடற்கரைப் பாதையில் திரும்பும்போது கண்ணைத் திறந்தாள்.

"யோவ்" என்று அவனைக் கூப்பிட்டாள். "பழக்க தோஷத்துல என்னையும் கொட்டிட்டு வந்துடாதய்யா."

அவன் திரும்பிப் பார்த்தான். சிரிக்கத்தான் வாயைத் திறந்தான் போலிருக்கிறது; முகம் கோணிக்கொண்டது. மாட்டை அடிக்காதவன் அன்றைக்கு அடித்தான். ஆஸ்பத்திரி வாசல் வந்துசேரும்போது என் மடியில் இருந்த தலை கனத்துப்போயிருந்தது. சேசுவே, சேசுவே என்று நான் அரற்றிக்கொண்டே இருந்தேன். என் சாமியும் கேட்கவில்லை, அவள் சாமியும் கேட்கவில்லை.

மறுநாள் பாடை கிளம்பியது. மேட்டிலிருந்து இறங்குகிற பாதை முழுக்கக் குப்பை அடைத்திருந்தது. தூக்குகிறவர்கள் பாடையோடு நிற்க, நாங்கள் முன்னால் போய் மண்வெட்டி போட்டு வழி வாரினோம். அவள் உயிரோடு இருந்தபோதும் வாரினோம், செத்த பிறகும் வாரினோம்.

அடக்கம் முடிந்து வந்து கொளஞ்சி குடிசைக் காலில் சாய்ந்து உட்கார்ந்தான். சோறு வேண்டாம் என்றான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நாந்தானக்கா சொன்னேன், குப்பமேடுன்னு. அவ சொல்லுவா, நீ வாயத் தொறந்தாலே தப்புன்னு. தொறந்தேன். அவளயே முழுங்கிட்டேன்."

"டேய், நீ சொன்னது ஒன் ஊரு பேருடா. அவனுங்க காதுலதான் குப்ப" என்றேன். கேட்டானோ இல்லையோ. தலையைத் தரையில் முட்டிக்கொண்டான். பக்கிரி அவனைப் பிடித்து அணைத்துக்கொண்டான்.

வாசலில் கூடியிருந்த ஜனம் போகாமல் நின்றது. பக்கிரிதான் பேச்சை எடுத்தான். "ஒருத்தன அனுப்புனோம். ஒத்த வாயி சொன்னா அவங்களுக்குத் தப்பாதான் கேக்குது. இனிமே போனா மொத்த மேடும் போவணும். அதுவரைக்கும் வண்டி மேட்டுல ஏறக் கூடாது."

"வேல போயிடும்" என்றது ஒரு குரல்.

"போவட்டும். நாளைக்கி ஒன் வூட்டுலேர்ந்து ஒரு பாட போனா பரவாயில்லியா?" என்றேன். மறுநாள் வண்டிகளை மேட்டடியிலேயே நிறுத்துவது என்று முடிவாயிற்று.

காலையில் எப்போதும்போலத்தான் கூட்டினோம். வேலையில் குறை சொல்ல யாருக்கும் இடம் வைக்கவில்லை. அவள் கூட்டுகிற பக்கத்தையும் நானே கூட்டினேன். வண்டிகள் நிறைந்து கிளம்பின. மேட்டடிக்கு வந்ததும் வரிசையாக நின்றன. மாடுகளை அவிழ்த்துவிட்டோம். வராதே என்று சொல்லியும் கேட்காமல் கொளஞ்சி வந்திருந்தான். காண்ட்ராக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"ஏன் நிக்குது வண்டி?"

"போவ எடமில்ல மொதலாளி" என்றேன்.

"கமிட்டி எழுதிக் குடுத்த எடம் எதிர்லயே கெடக்கு. கண்ணு தெரியலியா?"

"நல்லா தெரியுது. அதுல எங்க வூடு தெரியுது. ஒங்களுக்குத்தான் தெரியல."

"ஒன் வாயெல்லாம் வேற எங்கனா வச்சிக்க." அவர் கொளஞ்சி பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். "கொளஞ்சி, பொண்டாட்டி செத்தவன் நீ. ஒன்ன நான் ஒண்ணும் சொல்லல. வூட்டுக்குப் போயி படு. மத்தவங்க வண்டிய எடுக்கட்டும்."

கொளஞ்சி எழுந்து நின்றான். வார்த்தை தெளிவாக வந்தது.

"எந்த வூட்டுக்கு மொதலாளி? அங்க வூடே இல்லன்னுதான எழுதியிருக்கு?"

காண்ட்ராக்டருக்கு முகம் கறுத்தது. "சேதராப்பட்டுலேர்ந்து ஆள எறக்கறேன். நாளைக்கே எறக்கறேன். அப்ப வந்து கால்ல வுழுவீங்க."

"எறக்குங்க" என்றான் பக்கிரி. "அவங்களும் எங்கனா ஒரு மேட்டுல குடியிருக்கற ஜனந்தான். நாங்க பேசிக்கறோம். இந்தக் குப்பய வாரணும், பேர மாத்தி எழுதணும், குடிக்கத் தண்ணி குடுக்கணும். அப்பதான் வண்டி நவுரும்."

ஜீப் புகையைக் கக்கிவிட்டுப் போனது. போலீசோடு வருவாரோ, ஆளோடு வருவாரோ, தெரியாது. வெயில் ஏறியது. வண்டிக் குப்பை நாற ஆரம்பித்தது. நாக்கு வறண்டது, கிணற்றுப் பக்கம் போக யாருக்கும் மனசில்லை.

அப்போது கிழக்கே, குப்பத்துப் பாதையில் பெண்கள் வந்தார்கள். இடுப்பில் குடம். முன்னால் கன்னியம்மாள். சண்டைக்குத்தான் வருகிறாள், நாற்றம் அங்கே வரைக்கும் போயிருக்கும் என்று முந்தானையை இழுத்துச் செருகினேன். அவள் நேரே வந்து குடத்தை என் காலடியில் இறக்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"குடிங்க" என்றாள்.

பக்கிரி ஒரு சொம்பில் மொண்டு முதலில் கொளஞ்சியிடம் நீட்டினான். அவன் வாங்கினான். உள்ளே பார்த்தான். அடி தெரிகிற தண்ணீர். வாய்வரைக்கும் கொண்டுபோனவன், குடிக்காமல் அப்படியே சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"இந்தத் தண்ணி போன வாரமே வந்திருந்தா…" என்றான். அவள் செத்ததிலிருந்து அழாதவன், நடுரோட்டில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

கன்னியம்மாள் அவன் எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள். "வரலப்பா" என்றாள். "நாந்தான் வுடல. நேத்து பாட போனப்பதான் சேதி தெரிஞ்சுது. ஒன் காலப் புடிச்சாலும் அவ வரமாட்டா." அவளும் அழுதாள். பிறகு சொம்பை அவன் கையிலிருந்து மெல்ல வாங்கி, அவன் வாயருகே பிடித்தாள். "இனிமே வரும். எத்தினி நாளு ஆனாலும் வரும். குடி. நாளைக்கி அவனுங்க வந்தா பேசணுமில்ல? தொண்ட காஞ்சா எப்பிடிப் பேசுவ?"

அவன் குடித்தான். சொம்பு கைமாறியது. குப்பத்துப் பெண்கள் காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு திரும்பக் குழாய்க்குப் போனார்கள். நானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு அவர்களோடு நடந்தேன்.