ராவுத்தர் கல்

பதுளைக்கு ரயில் வராத காலம். இலங்கை மலையகத்து மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் ஒரு கல் உண்டு. அதற்கு ராவுத்தர் என்று பெயர். முன்னொரு வருஷம் காய்ச்சல் பரவி, தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கம் யாருமே எட்டிப் பார்க்காதபோது, பதுளையிலிருந்து மட்டக்குதிரையில் அரிசி கொண்டுவந்த துணி வியாபாரி அவர். அதே காய்ச்சலில் இங்கேயே செத்தார். அப்போது அவர் மனைவி ரஹ்மத்தும்மாவின் வயிற்றில் இருந்த பிள்ளைதான் அஸீஸ். வளர்ந்து பதுளையில் கடை வைத்த அஸீஸ், திருவிழா தவறாமல் வந்து கல்லருகே பாத்திஹா ஓதி, ஒரு சுருட்டைப் பற்றவைப்பார். அதன் பிறகே அம்மன் கரகம் வாசலைத் தாண்டும்.

அந்த வருஷம் மழையில் பாதை சரிந்து அஸீஸ் வரவில்லை. கங்காணி மாடசாமிக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஒரு கல்லுக்காக அம்மன் காத்துக் கிடக்க வேண்டுமா என்று சொல்லிக் கரகத்தைத் தூக்க வைத்தார்.

கரகம் வாசலைத் தாண்டியதும் கொழுந்து பறிக்கும் கனகத்தின் சின்ன மகள் விசாலாட்சி கல்லருகே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பட்டப்பகலில் பனி இறங்கிக் கோயிலை மூடியது.

"சுருட்டு எங்க? என் மகன் எங்க?" என்றாள். ஆண் குரல்.

வேப்பிலை அடித்தார்கள். விபூதி பூசினார்கள். பிள்ளை அசையவில்லை. சோறு தண்ணீர் இறங்கவில்லை. உடம்பு அடுப்பாகக் கொதித்தது. வீராப்புப் பேசிய மாடசாமி தலைவலி என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். கனகம்தான் பதுளைக்கு ஆள் அனுப்பினாள். அஸீஸ் காட்டைச் சுற்றி நடந்து வந்து சேர்வதற்குள் பிள்ளையின் உதடு வெடித்திருந்தது.

அவரைக் கண்டதும் பிள்ளை சிரித்தது.

"வா மகன். மழை பேஞ்சா உம்மா இன்னும் வாசல்ல நின்னு ரோட்டப் பாக்குறாளா?"

அஸீஸ் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரஹ்மத்தும்மாவின் அந்தப் பழக்கம் அங்கிருந்தவர்களில் அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ஓத வந்தவர் ஓதவில்லை, பேச ஆரம்பித்தார். கடையைப் பற்றி, உம்மாவைப் பற்றி, தன் பிள்ளைகளைப் பற்றி. கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் பிள்ளையின் மூச்சு குறுகியது. கனகத்துக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

காலில் விழுந்தாள்.

"மொதலாளி, உங்க வாப்பாவ நீங்க அனுப்பி வச்சாத்தாங்க எம் புள்ள எனக்கு."

அஸீஸ் வெகுநேரம் அந்தச் சின்ன முகத்தையே பார்த்தார். பிறகு சுருட்டைப் பற்றவைத்துக் கல்மேல் வைத்துக் கையேந்தினார். ஓத ஓதக் குரல் உடைந்தது. காற்றே இல்லை. சுருட்டு மட்டும் யாரோ இழுப்பதுபோல் கனன்று கனன்று அடிவரை எரிந்தது.

பிள்ளை சரிந்து அம்மா மடியில் விழுந்தது. கண்ணைத் திறந்து, தன் சொந்தக் குரலில் பசிக்கிறது என்றது. கனகம் வாய்விட்டு அழுதாள்.

அஸீஸால் தாங்க முடியவில்லை. குனிந்து, "வாப்பா" என்று ஒருதரம் கூப்பிட்டுப் பார்த்தார்.

விசாலாட்சி மிரண்டுபோய் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"யாரும்மா இந்த ஆளு? ஏன் அழுவுறாரு?"