திரையில் ஏறிய தண்ணீர்

போர் முடிந்து மூன்று வருடமாகியிருந்தது. இடுப்பில் உடுத்தும் கைத்தறிச் சாறன் விற்பதற்கென்று கொழும்பில் செய்த கைபேசிச் செயலி நெசவுக்காரருக்கு விளங்குகிறதா என்று பார்க்க மருதமுனைக்கு வந்திருந்தாள் பஸ்லியா. அவளும் அதே கடற்கரையோரத்து நிந்தவூர்க்காரிதான். பரிசோதனைக்குச் சட்டம் ஒன்றே ஒன்று: பாவனையாளர் எவ்வளவு தடுமாறினாலும் வாய் திறக்காமல் பார்த்துக் குறிக்க வேண்டும்.

எதிர்க் கதிரையில் இருந்த, அக்கா முறையான ஜெஸீமா ராத்தா, தான் நெய்த சாறனைப் படமெடுத்து அனுப்பினார். சிக்னல் மந்தம். காத்திருக்கும் நேரத்துக்கென்று பஸ்லியா ஆசையாய் வரைந்த, கொழும்பில் எல்லோரும் கைதட்டிய நீலத் தண்ணீர், திரையின் அடியிலிருந்து மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது.

ராத்தாவின் முகம் வெளிறியது.

"யா அல்லாஹ்! சுனாமி அண்டைக்கும் இப்படித்தான் ஏறினது. நிப்பாட்டுங்க புள்ள!"

நிறுத்துவதற்கு ஒரு பொத்தானை பஸ்லியா வைக்கவே இல்லை. நீலம் பாதித் திரையைத் தாண்டியது. சட்டப்படி குறித்தாள்: 'பாவனையாளர் இரண்டு கால்களையும் கதிரைக்கு மேல் தூக்கிக்கொண்டார்.'

எழுதி முடித்துக் குனிந்தபோதுதான், தன் கால்களும் தரையில் இல்லை என்பதைக் கண்டாள்.