ஒரு பிடி பால்ரஸ்

என் தம்பி ஹரிபாபு குவைத்திலிருந்து லீவில் வந்தபோது கழுத்தில் பைனாகுலர் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். எங்கள் ஊர் புத்தலப்பட்டில் அதை வைத்துக்கொண்டு எதைப் பார்க்கப்போகிறானோ என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது எங்கள் கரும்பில் காட்டுப்பன்றித் தொல்லை. பயிர்க்காவலுக்கு லைசென்சு எடுத்த நாட்டுத் துப்பாக்கி ஒன்று என் வீட்டுக்காரர் தனசேகரிடம் இருந்தது. சித்தூருக்குப் போகவேண்டியிருந்ததால் அன்று அதை ஹரியிடம் கொடுத்தார்.

“ஈய உருண்டை ஒண்ணு போடு, போதும். பன்னி மோட்டார் கொட்டாய்க்கு இந்தாண்ட வந்தா சுடு. அந்தாண்ட இருந்தா உட்டுடு. அடிபட்டு ஓடுச்சின்னா கரும்புல பூந்துக்கினு ஆளைக் கிழிக்கும். அப்பிடி ஆனா ஊருக்கே சொல்லிடணும்.”

“ஒத்த உருண்டை எப்பிடி மாமா படும்? சைக்கிள் சக்கரத்துல இருக்கிற சின்ன இரும்புக் குண்டு, பால்ரஸ், ஒரு பிடி போட்டா, பரவிக்கினு போயி எவ்ளோ தூரத்துல இருந்தாலும் படும்.”

“படும்டா. ஆனா சாவாது.”

அவர் பஸ் ஏறியதும் இவன் பால்ரஸைத்தான் போட்டான். சாயந்திரம் வெடிச்சத்தம் வீடுவரை கேட்டது. அவர் திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“பட்டுச்சாடா?”

“படல மாமா. ஓடிடுச்சி.”

“குவைத்துல ஒட்டகத்தைச் சுட்டுப் பழகிக்கினு வாடா,” என்று சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

விடிந்ததும் கரும்புக்கு மடை திருப்பப் போனார். நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து வந்த அலறல் அவருடையது என்று எனக்கு உறைக்கவே இல்லை. உறைத்ததும் வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

ஐயோ, தொடை முழுக்கக் கிழிந்து கிடந்தது! ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பக்கத்து நிலத்து உமாபதி கடப்பாரையால் குத்திக் கொன்ற பன்றி வரப்போரம் கிடந்தது. அதன் விலாவில் பொத்தல் பொத்தலாக, நேற்றே காய்ந்த ரத்தம். தோலுக்கடியில் பால்ரஸ் மினுங்கியது.

“இன்னாடா இது?” என்று பின்னாலேயே ஓடிவந்த ஹரியைக் கேட்டேன்.

“ரத்தம் பாத்தேன்க்கா. சொல்பேச்சு கேக்கலன்னு மாமா கிண்டல் பண்ணுவாரேன்னுதான்...”

ஓங்கி ஒரு அறை விட்டேன். கை எரிந்தது, மனசு ஆறவில்லை. ஒரு கிண்டலுக்குப் பயந்து, கூடப்பிறந்தவன் என் புருஷனைப் பன்றி வாய்க்கு அனுப்பியிருக்கிறான்!

எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்குப் போய்க் கட்டுப் போடலாம் என்றார் ஒருவர். ரத்தம் கொட்டுகிற காலுக்கு என்ன கட்டு? உமாபதியின் தக்காளி வேனைத் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன். அவர் தலை என் மடியில். ஹரி காயத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டிருந்தான்.

பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. “ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற, நீ பாக்காம உள்ள போவலாமாய்யா?”

“நேத்து பன்னி மேலதான் படலன்னு ஹரி சொன்னானே. இது வேற பன்னி, கல்பனா,” என்றார். மூச்சு வாங்கியது. பிறகு அவனைப் பார்த்தார். “நீ ஏன்டா அழுவுற? நீ இன்னா பண்ண?”

ஹரி என்னைப் பார்த்தான். சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

அடப்பாவி, இப்போதுகூடவா!