அனுசுயா கொடுத்த மூளைத் துண்டு

திருத்தணியில் விசைத்தறி ஓட்டும் அனுசுயாவுக்குச் சிறுவயதிலிருந்தே வலிப்பு. மருந்துக்கு அடங்காததால், மூளையில் வலிப்பு கிளம்பும் சிறு பகுதியை வெட்டியெடுக்கச் சென்னை மருத்துவமனையில் முடிவு செய்தார்கள்.

"அந்தத் துண்டை ஆராய்ச்சிக்குக் குடுப்பீங்களா? பெரியவங்க மூளையிலும் முழுசா வளராத நரம்பு செல்கள் இருக்கான்னு பார்க்கிறோம்," என்று டாக்டர் கேட்டார்.

"வேணாங்க. வலிப்புன்னு வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்," என்று கணவன் தணிகைமணி முந்திக்கொண்டான்.

"என் மூளை. நான்தான் சொல்லணும். எடுத்துக்கோங்க டாக்டர்," என்றாள் அனுசுயா.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாதங்கள் கடந்தும் வலிப்பு வரவில்லை. பரிசோதனைக்குப் போனபோது, அந்தத் துண்டில் முழுசாக வளராத இளம் நரம்பு செல்கள் இருந்ததை டாக்டர் திரையில் காட்டினார். மறுநாள் அவள் தலைத் தழும்பை மூடாமல் தறிக்கூடத்துக்குப் போனாள். தணிகைமணியும் அங்கே இருந்தான். கூட வேலை செய்பவர்கள் தழும்பைப் பார்த்து அவனிடம் விசாரித்தார்கள்.

"ஆங், எனக்கு வலிப்பு இருந்துச்சு. ஆபரேசன் பண்ணிகினேன். இன்னா கேக்கணுமோ, என்னையே கேளுங்க," என்று அவர்களிடம் சொன்னாள் அனுசுயா.